ஓடின கட்சி, ஓடாத கட்சி

ஹார்க்ரேவ் துரையின் தாத்தா 1872-இல் சிலாங்கூர் ஆற்று முகத்தில் ஒரு கடற்போர் நடத்தினார். எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் அது கிடையாது. ஆனால் துரை திருத்தித் திருத்தி எழுதிய அந்தப் போரைப் பதினொரு முறை டைப் அடித்தவன் நான். அந்த வகையில் அதில் அதிகம் காயம்பட்டவன் நானாகத்தான் இருக்க வேண்டும்.

என் பெயர் ஹியூபர்ட். புக்கிட் பெலிம்பிங்குக்கு அப்பால், ஆற்றை ஒட்டிய ரப்பர்த் தோட்டத்தில் இரண்டாம் கிராணி, அதாவது குமாஸ்தா; ஹார்க்ரேவ் துரைதான் அங்கே மானேஜர். பதிவில் அந்தத் தோட்டத்துக்கு ஒரு ஸ்காட்லாந்துப் பெயர் இருந்தது. அதைச் சொல்லிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டவர்கள் பலர் என்பதால், எங்களுக்கு அது நண்டுத் தோட்டம். நான் சொல்லும் கதை நடந்தது 1952-இல், மலாயாவின் எமர்ஜென்சி காலத்தில். தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி, வாசலில் துப்பாக்கியோடு காவல், மாலை ஆறு மணிக்கு ஊரடங்கு. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், வெளியே பட்டாளம். நடுவில் மற்றவர்கள் பால்மரம் சீவிக்கொண்டும், நான் டைப் அடித்துக்கொண்டும் இருந்தோம்.

துரை சொல்லும் போர் இது. லெஃப்டினன்ட் ஹார்க்ரேவ் ‘ஹென்றியட்டா’ என்ற நீராவிப் படகில் பதினொரு பேரோடு ஆற்று முகத்துக்கு வந்தார். இரண்டு போர்ப் படகுகள் எதிர்த்து வந்தன. நாலு குண்டு சுட்டார். எதிரி ஓடினான். தாத்தா தொப்பியைக் கழற்றி ஆட்டினார்.

அக்கரையில் மலாய்க்காரர் ஊரான கம்பத்தின் தலைவர் ஹாஜி சாலே சொல்லும் போர் வேறு. வந்தவை போர்ப் படகுகளே அல்ல, பெலாச்சான் என்ற இறால் விழுதைக் கூடை கூடையாக ஏற்றிய வியாபாரப் படகுகள். அவற்றிடம் இருந்த ஒரே ஆயுதம் நாற்றம். தாத்தா நீர் வற்றும் நேரம் பார்க்காமல் வந்து சேற்றில் மாட்டிக்கொண்டார். பதறிப்போய்ச் சுட்ட நாலு குண்டும் யாரோ பாவப்பட்டவன் நட்டு வைத்திருந்த மீன் வேலியில் விழுந்தன. பிறகு படகைப் போட்டுவிட்டு ஆட்களோடு முழங்கால் சேற்றில் ஓடினார். தொப்பி ஆடியது உண்மைதான். விழாமல் இருக்கக் கையை வீசியதில் அதுவும் ஆடியது. நீர் ஏறியதும் பெலாச்சான்காரர்களே இரக்கப்பட்டுப் படகை இழுத்துக் கொடுத்தார்கள்.

ஹாஜி இதைச் சொன்ன நாளிலிருந்து துரையின் வீட்டில் அக்கரை மீன் வாங்குவதில்லை.

இந்த இரண்டு தாத்தாக்களும் அவரவர் கரையில் நிம்மதியாக இருந்திருப்பார்கள். கெடுத்தது நான்.

மாசி மாதம் எங்கள் தோட்டத்தில் காமன் பண்டிகை. நான் வேதக்காரன், அது எங்கள் தவக்காலத்தில் வரும். இறைச்சி கூடாது என்று சொன்ன சாமியார் லாவணி கூடாது என்று சொன்னதில்லை, ஆகையால் நானும் போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவேன். சிவபெருமான் நெற்றிக்கண்ணைத் திறந்ததில் மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா என்பதுதான் வழக்கு. எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி. இரண்டும் எதிரெதிரே தரையில் உட்கார்ந்து பாட்டாலேயே கேள்வி கேட்டு, பாட்டாலேயே மடக்கும். ஊரடங்கு வந்தபின் மத்தியானம் இரண்டு மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்குள் முடித்தாக வேண்டும். சிவன் கண்ணைத் திறப்பதற்கே நேரம் போதவில்லை.

எரியாத கட்சிக்குக் காளியண்ணன்தான் தலைவர். நாற்பது வயது, பால் வெட்டுபவர், குரல் மூன்று லயம் தாண்டிக் கேட்கும். எரிந்த கட்சிக்கு இருசப்பன். அந்த வருடம் இருசப்பன் பெண்டாட்டி பிள்ளைகளோடு கலும்பாங் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாறிப் போய்விட்டார். எதிரி இல்லாத காளியண்ணன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேள்வி. ஒரு நாள் ஆபீஸ் படிக்கட்டில் வந்து நின்றார்.

“கிராணியாரே, எரிஞ்ச கட்சிய நீங்க எடுத்துக்குங்க.”

“நான் வேதக்காரன், காளியண்ணே. உங்க சாமி எரிஞ்சாரா இல்லையான்னு நான் வாயத் தொறந்தா ரெண்டு கட்சியும் சேர்ந்து என்னைய எரிச்சிரும்.”

“அப்ப வேற வழக்கு ஒண்ணு குடுங்க. எதுனாச்சும். வாயி நமநமங்குது.”

மேசைமேல் பன்னிரண்டாம் முறையாக டைப் அடிக்க வேண்டிய கடற்போர் கிடந்தது. நான் அதைப் பார்த்தேன். பிறகு காளியண்ணனைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் எனக்குத் தோன்றிய யோசனைகள் மொத்தம் மூன்று. மூன்றுமே என்னைப் போலீஸ் நிலையம் வரை கொண்டுபோயிருக்கின்றன. இது இரண்டாவது.

“துரையோட தாத்தா ஓடினாரா, ஓடலையா?” என்றேன்.

காளியண்ணன் முகத்தில் தீபாவளி வந்தது. “நான் ஓடின கட்சி!” என்றார், முழுக் கதையையும் கேட்பதற்கு முன்பே. எனக்கு ஓடாத கட்சிதான் மிச்சம். துரையிடம் வேலை பார்ப்பவனுக்கு அதுவே மரியாதை.

அதோடு விட்டிருக்கலாம். காளியண்ணனுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். பால் வெட்டும்போதே மரத்துக்கு ஒரு வரியாகப் பாடம் பண்ணுவது அவர் பழக்கம். முந்நூறு மரம் முடிவதற்குள் முந்நூறு வரி ஏறிவிடும். கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன். எதிர்க்கட்சிக்குக் கேள்வி எழுதிக் கொடுத்த தளபதி எந்தப் போரிலும் இருந்திருக்க மாட்டான். என் கையெழுத்து அழகு என்று தோட்டத்தில் பேர் இருந்தது. அந்தப் பேருக்காக ஆற்று முகத்தின் படம் ஒன்றும் வரைந்து, பீரங்கி இருந்த இடத்தில் சிவப்பு மையில் புள்ளி வைத்தேன்.

மறுநாள் காலை வாசலில் வழக்கமான சோதனை. காட்டுக்காரர்களுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி அரிசியைக்கூட வேலைக்காட்டுக்குள் விடமாட்டார்கள். காளியண்ணன் இடுப்பு மடிப்பில் அரிசி இல்லை. என் தாள் இருந்தது. அதில் இருந்தது இதுதான்:

ஆற்று முகத்துக்குப் படகு வந்த நேரம் என்ன? படகில் ஆள் எத்தனை, துப்பாக்கி எத்தனை? நீர் வற்றுவது எப்போது? எத்தனை குண்டு, எங்கே விழுந்தது? துரை எந்தப் பக்கம் ஓடினான்?

கீழே படம். சிவப்புப் புள்ளி.

தினமும் போலீஸ் படகு ஒன்று அதே ஆற்று முகம் வழியாகத்தான் ரோந்து போய்க்கொண்டிருந்தது.

காளியண்ணனைப் பிடித்துக்கொண்டு போன செய்தி எனக்கு எட்டு மணிக்கு வந்தது. நான் உடனே ஆபீஸ் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். வீரம் வரும்வரை அங்கே இருப்பதாகத் திட்டம். ஒன்பதரை வரை வரவில்லை. வந்தது லெட்சுமி, காளியண்ணனின் மனைவி. கதவுக்கு வெளியே நின்றுகொண்டு நிதானமாகப் பேசினார்.

“கிராணியய்யா, உள்ளாற இருக்கீங்கன்னு தெரியும். அந்தத் தாளு உங்க கையெழுத்துதான். அரிசிக் கார்டுல பேரெழுதினதும் இதே கையிதான், எனக்குத் தெரியாதா?”

நான் தாழ்ப்பாளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“அவரைக் கப்பலேத்தி இந்தியாவுக்கு அனுப்பிருவாங்களாம். மூணு வயசுல வந்த மனுசன். அங்க எந்த ஊருன்னு கேட்டா, மேற்கால எங்கியோன்னு கையக் காட்டுவாரு. நான் இங்க பொறந்தவ. என்னைய ஏத்த மாட்டாங்களாம். அவரை மட்டுந்தானாம். நீங்க தண்ணி ஊத்திட்டே வாங்க. நான் நிக்கிறேன்.”

நான் தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்றும்படி உள்ளே எதுவும் நடக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு நேராகத் துரையிடம் போனேன்.

துரை கேட்டார். தாளில் என்ன இருந்தது என்று கேட்டார். கடைசிக் கேள்வியை மொழிபெயர்த்ததும் புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்தார்.

“ஓடினான் என்றா எழுதியிருக்கிறது?”

“அது கேள்விதான், சார். எந்தப் பக்கம் என்று மட்டும்தான்...”

“என் தாத்தாவின் போரில் எங்கள் பக்கம் யாரும் ஓடவில்லை. இந்தத் தாளில் ஒருவன் ஓடுகிறான். ஆகவே இது வேறு ஏதோ போர். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.”

தர்க்கத்தில் ஓட்டை இல்லை. காளியண்ணன்தான் அதில் விழுந்து கிடந்தார்.

வீட்டுக்குப் போய் மாடில்டாவிடம் சொன்னேன். என் மனைவி அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சட்டைக்கு இஸ்திரி போட்டாள்.

“போயி நாந்தான் எழுதினேன்னு சொல்லுங்க. ஜெயிலுக்குப் போனா அங்கயாவது நல்லாப் பாடக் கத்துக்கிட்டு வாங்க. போன கிறிஸ்மஸுக்கு நீங்க பாடினதுல ஆர்மோனியம் வாசிக்கிறவரு மதம் மாறப் பாத்தாரு.”

லெட்சுமியைப் பின்னால் உட்கார வைத்துச் சைக்கிள் மிதித்தேன். போலீஸ் நிலையம் ஐந்து மைல். மேட்டில் மட்டும் அவர் இறங்கித் தள்ளிவிட்டார். நிலையத்தில் மூன்று மணிவரை எங்களைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

இன்ஸ்பெக்டர் டெஸ்மண்ட் ஒல்லியானவர், மடிப்புக் கலையாதவர். அவர் தமிழரா, மலையாளியா, ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரரா என்று ஊரில் யாருக்கும் தெரியாது. ஆங்கிலம் தவிர வேறு மொழியில் அவர் தும்மிக்கூட யாரும் கேட்டதில்லை. “எனக்குத் தமிழ் தெரியாது, தாளை ஒரு கான்ஸ்டபிள் மொழிபெயர்த்துக் கொடுத்தார்” என்றார். நான்தான் எழுதினேன் என்றேன். எண்பது வருடத்துக்கு முந்தைய போர் என்றேன். பாட்டுப் போட்டிக்கு என்றேன். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது.

“பிடிபட்டவனிடம் எந்தக் கட்சி என்று கேட்டோம்” என்றார் இன்ஸ்பெக்டர். “எரியாத கட்சி, ஓடின கட்சி என்று இரண்டு கட்சியிலும் இருப்பதாகப் பெருமையோடு ஒப்புக்கொண்டான். நாளை காலை லாரி கோலாலம்பூருக்குப் போகிறது. இப்போது நீங்களும் சேர்ந்தால் இருவர். இது பாட்டு என்றால், பாடிக் காட்டுங்கள்.”

காளியண்ணனை அழைத்து வந்தார்கள். என்னைக் கண்டதும் அவர் கேட்டது: “கிராணியாரே, பாடம் பண்ணிட்டு வந்தீங்களா?”

நிலையத்தின் சிமெண்ட் தரையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். காளியண்ணன் காலி பிஸ்கட் டின் ஒன்றைக் கேட்டு வாங்கி மடியில் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினார். கான்ஸ்டபிள்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“தண்ணி வத்தும் நேரம் பார்க்கத் தெரியாத தாத்தா – அந்தச்
சேத்துக்குள்ள எறங்கிச் செஞ்ச சண்டை என்ன சண்டை?
மீன் வேலி மேல குண்டு போட்ட வீரனே – உன்
தொப்பியாட நீயும் ஆடித் துள்ளி ஓடினாயோ?”

குரல் கூரைத் தகரத்தில் போய் முட்டித் திரும்பியது. என் முறை வந்தது. தொண்டையைச் செருமினேன்.

“மூணு குண்டு போட்டாரு, மூக்கு நீண்ட தாத்தா – அவர்
ஓடவில்லை ஓடவில்லை, ஓடவே இல்லை...”

“அது பதிலா?” என்றார் காளியண்ணன், டின்னை நிறுத்திவிட்டு. “ஓடலைன்னா எங்க நின்னாரு? எந்தக் கால ஊணி நின்னாரு? சேறு எம்புட்டு ஆழம்?”

எனக்குத் தெரியவில்லை. பதினொரு முறை டைப் அடித்தும் தெரியவில்லை. விரல்தான் டைப் அடித்தது, நான் அடிக்கவில்லை. அடுத்த கேள்விக்கும் மடங்கினேன். அதற்கடுத்ததற்கும். ஓடாத கட்சி தாத்தாவை இழுத்துக்கொண்டு அறை முழுக்க ஓடியது. லெட்சுமி வாசல் நிலையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்து எதையோ எழுதத் தொடங்கினார்.

அப்போது வாசலில், குண்டு துளைக்காதபடி இரும்புத் தகடு அடித்த கார் வந்து நின்றது. இரண்டாம் கிராணியும் போய்ப் போலீஸில் உட்கார்ந்துவிட்டால் ஆபீஸை யார் பார்ப்பது என்று கேட்க வந்தவர் ஹார்க்ரேவ் துரை. படியேறும்போதே என் குரல் அவர் காதில் விழுந்துவிட்டது.

“மூணு இல்லை!” என்று கத்தினார், தமிழில். “நாலு! நாலு குண்டு!”

துரைக்குத் தமிழ் தெரியும். ஆனால் அது முழுவதும் வேலை வாங்கும் தமிழ்: வா, போ, வெட்டு, ஏன் லேட்டு. அதை வைத்துக்கொண்டு ஒரு தாத்தாவைக் காப்பாற்றுவது சுலபமில்லை.

“வாங்க தொர” என்றார் காளியண்ணன் மரியாதையாக. “ஆனா நின்னுக்கிட்டுச் சொன்னாச் செல்லாது. உக்காந்து சொல்லணும்.”

துரை என்னைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். பிறகு ஆறடி உயரத்தை மூன்று தவணையாக மடக்கித் தரையில் உட்கார்ந்தார். நான் நகர்ந்து இடம் கொடுத்தேன். என் வாழ்க்கையிலேயே இவ்வளவு சந்தோஷமாக நான் பதவி விலகியதில்லை.

“நாலு குண்டுன்னா, நாலும் எங்க விழுந்துச்சு?” டின் ஒலித்தது.

“தண்ணி! ஒண்ணு தண்ணி. மூணு படகு கிட்டே. நீ பாக்கலை! நான் டயரி பாத்தேன்!”

“டயரிய எழுதினது யாரு?”

“தாத்தா!”

“ஓடினவன் எவனாச்சும் ஓடினேன்னு எழுதுவானா, தொர?”

கான்ஸ்டபிள்கள் சிரித்துவிட்டார்கள். துரை சிவந்துபோனார். தமிழ் தீர்ந்து மலாய்க்குப் போனார், மலாய் தீர்ந்து ஆங்கிலத்துக்கு வந்தார், நான் ஓடி ஓடி மொழிபெயர்த்தேன். நீர்மட்டம், காற்றின் திசை, கொதிகலனின் கோளாறு, தொப்பியின் விலை வரை வந்தது. துரை நிலையத்து மேசையிலிருந்து பென்சிலை வாங்கித் தரையிலேயே ஆற்று முகத்தை வரைந்தார். நான் வரைந்ததைவிட நன்றாக இருந்தது. பீரங்கி இருந்த இடத்தில் அவரும் ஒரு புள்ளி வைத்தார்.

இன்ஸ்பெக்டர் டெஸ்மண்ட் பேனாவை மூடினார்.

“மிஸ்டர் ஹார்க்ரேவ், எனக்குத் திருப்தி. இந்த மனிதரின் தாளில் இருப்பது உங்கள் தாத்தாவின் போர்தான் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இவர் வீட்டுக்குப் போகலாம்.”

துரை தரையிலிருந்தே கோப்பை எட்டிப் பார்த்தார். கையெழுத்துப் போட்டால் ஓடிய தாத்தாவும் அவர் தாத்தாவே என்று அரசாங்கக் கோப்பில் ஏறிவிடும். அதை நாற்பது வருடம் கழித்து யாராவது எடுத்துப் படிப்பான், டைப் அடிப்பான்.

“ஓடினார் என்ற சொல்லை அவன் வாபஸ் வாங்கட்டும்” என்றார்.

சொன்னேன். காளியண்ணன் தலையசைத்தார். “சேறு எம்புட்டு ஆழம்னு கேட்டேன். இன்னும் பதிலு வரலை. பதிலு வராம நான் எப்படி விடுறது? கேள்வி நடுவால எவன் மொதல்ல எந்திரிக்கிறானோ அவன் தோத்தவன். அதான் முறை.”

“யோவ் காளியண்ணே, கப்பல்ல ஏத்திருவாங்கய்யா!”

“முறைன்னா முறைதான், கிராணியாரே. கப்பல்லயும் உக்காந்துதான போகணும்?”

கடிகாரத்தில் ஐந்து பத்து. ஆறு மணிக்கு ஊரடங்கு. கையெழுத்துப் போடும் பேனா மேசையில் கயிற்றால் கட்டிக் கிடந்தது. இன்ஸ்பெக்டர் கோப்பை அதன் பக்கத்தில் விரித்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். தரைக்கு அதைக் கொண்டுவரும் உத்தேசம் அவருக்கு இல்லை. இருவரும் எழவில்லை.

லெட்சுமி உள்ளே வந்தார். புருஷனைப் பார்க்கவில்லை. துரைக்கு முன்னால் வந்து நின்றார்.

“தொர, இவங்க ஓடின கட்சி, நீங்க ஓடாத கட்சி. நான் ரெண்டும் இல்ல. அவரு இன்னைக்கு வீட்டுக்கு வரணும். எனக்கு அம்புட்டுதான்.”

நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். துரை கையைக் காட்டித் தடுத்தார். அவருக்குத் தெரிந்த தமிழிலேயே அது இருந்தது போலும்.

பென்சிலைத் தரையில் தான் வரைந்த ஆற்றின் குறுக்கே வைத்தார். பிறகு ஒரு கையை என் தோளில் ஊன்றி, முழங்கால் நெட்டி முறிய, எழுந்தார். நொண்டிக்கொண்டே மேசைக்குப் போனார். ஒரு வரி எழுதினார். கையெழுத்துப் போட்டார். அடியில் ‘நான்கு குண்டுகள்’ என்று சேர்த்து, அதை இரண்டு முறை கோடிட்டார்.

எங்கள் பக்கம் திரும்பாமலேயே ஆங்கிலத்தில் சொன்னார்: “கால் மரத்துப்போய்விட்டது, அதனால்தான் எழுந்தேன் என்று அவனிடம் சொல்.”

சொன்னேன். ஜெயித்தவருக்குரிய பெருந்தன்மையோடு காளியண்ணன் டின்னைக் கீழே வைத்தார். “சரிங்க. தொர தாத்தாவுக்கும் அன்னைக்குக் கால்தான் மரத்துப்போயிருக்கும். சேத்துல நின்னா மரத்துத்தான போகும், அதான் ஓடிட்டாரு.”

அதை மொழிபெயர்ப்பதா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, தமிழ் தெரியாத இன்ஸ்பெக்டர் டெஸ்மண்ட் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அவர் முதுகு குலுங்கியது.

“என்ன சொன்னான்?” என்றார் துரை.

நான் கூரையைப் பார்த்தேன். கான்ஸ்டபிள்கள் தரையைப் பார்த்தார்கள். லெட்சுமி காளியண்ணனின் கையைப் பிடித்து எழுப்பி, வாசல் பக்கம் தள்ளிக்கொண்டே சொன்னார்:

“தெரிமா காசின்னு நன்றி சொல்றாரு, துவான்.”